மெட்ச் நாளில் ஒரு முகூர்த்தம்

1

கண்டியில் பிறந்த எவளும் செய்யக் கூடாத பிழையொன்றை நான் கிளாஸ்கோவில் உட்கார்ந்துகொண்டு செய்தேன். மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது ராகு காலம் பார்த்தேன், எமகண்டம் பார்த்தேன், ஐயர் சொன்ன நட்சத்திரத்தை இரண்டு பஞ்சாங்கங்களில் ஒப்பிட்டும் பார்த்தேன். அன்றைக்குக் கண்டியில் ரக்பி மெட்ச் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

கண்டிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, இந்நேரம் தலையில் கைவைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பெரிய பாடசாலைகள் மோதுகிற நாளில் பழைய மாணவர்கள் கொழும்பிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். வழியில் கடுகண்ணாவை மலையேற்றத்திலேயே போத்தல் திறந்திருக்கும். கொடி, குழல், பாபரே பேண்ட் வாத்தியம் என்று காலையிலேயே தொடங்கிவிடும். மைதானத்துக்குப் போகிற வீதியில் ஒரு சைக்கிள்கூட நேராகப் போக முடியாது. எங்கள் கோயிலும் அந்த வீதியில்தான் இருக்கிறது.

போதாக்குறைக்கு மாப்பிள்ளை ஸ்கொட்லாந்துக்காரன். கேலம் என்று பெயர். கில்ட் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காரப் போகிறவன். கில்ட் என்றால் அந்த நாட்டு ஆண்கள் நல்லது கெட்டதுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்கிற கம்பளித் துணி. முழங்கால் வரை நிற்கும், பின்னால் மடிப்பு மடிப்பாக விழும். அதைப் பாவாடை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முதன்முதலில் பார்த்தபோது நானும் அப்படித்தான் சொன்னேன் என்பது வேறு கதை.

தரணி எனக்கு ஒரே மகள். என் கூடப் பிறந்தது ஒரே அண்ணன், கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சிவலிங்கம். எங்கள் சனத்தில் தாய்மாமன் கைபிடித்து அழைத்து வராமல் பெண் மணவறை ஏற மாட்டாள். அந்தத் தாய்மாமன் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டால், குடித்துவிட்டு வீதியில் ஆடிய சில ரசிகர்களைக் காட்டினார்.

2

அண்ணன் அந்த வீடியோவை அனுப்பிய காலையில் நான் வேலையில் இருந்தேன். ரயிலில் டிக்கெட் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு முனையிலிருந்து மறுமுனை, பிறகு திரும்பவும் அதே முனை, நடுவில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணி நேரத்தில் வட்ஸ்அப்பைத் திறந்தேன்.

கண்டிக்கு ரக்பி பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரக் கூட்டம். எல்லாரும் கில்ட். ஒருவன் த்ரீவீல் கூரையில் ஏறி நிற்கிறான். இரண்டு பேர் வீதி நடுவில் கட்டிப்பிடித்து ஆடுகிறார்கள், பின்னால் பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் ஒருவன் குப்புற விழுகிறான். விழுந்ததில் ஊருக்குத் தெரிய வேண்டாதது தெரிந்துவிட்டது. பரம்பரை வழக்கப்படி கில்ட்டுக்கு உள்ளே ஒன்றும் போட மாட்டார்கள் என்பதைக் கண்டி மாநகரம் அன்றைக்குத்தான் அறிந்துகொண்டது. அனுப்பியது அண்ணனாக இல்லாவிட்டால் நானும் வயிறு குலுங்கச் சிரித்திருப்பேன்.

பின்னாலேயே போன் வந்தது.

“பாத்தியா மல்லி?”

“பாத்தேன்ணே.”

“இந்தக் கூட்டத்துலதான் புள்ளைய குடுக்கப் போறியா? கடைக்கு வர்றவன் போறவன்லாம் போனத் தூக்கிக் காட்டுறான். ‘மொதலாளி, ஒங்க தங்கச்சி வீட்டு மாப்புள்ள இந்த ஆளுங்கதானே’ன்னு கேக்குறான். மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?”

“அதுல கேலம் இருக்கானா?”

“எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டதானே.”

“அவன் இன்னும் கண்டிப் பக்கமே வந்ததில்லண்ணே.”

“அதெல்லாம் வேணாம். குடிப்பானா மாட்டானா, அத மட்டும் சொல்லு.”

மாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினை அன்றைக்கே பாதி குறைந்திருக்கும். எனக்கு அது வாயில் வரவில்லை. “குடிப்பான். மெட்ச் பாக்கையில ரெண்டு பியர் குடிப்பான். நீங்களும்தான் குடிக்கிறீங்க” என்றேன்.

“நான் வீட்டுக்குள்ள குடிக்கிறேன். லோங்ஸ் போட்டுக்கிட்டுக் குடிக்கிறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். முழுக் காற்சட்டைக்கு எங்கள் ஊரில் லோங்ஸ் என்று பெயர்.

குடிகார ரசிகர்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சோறு போடுகிற வேலையே அதுதான். அந்த நாட்டு அணி விளையாடுகிற நாளில் என் ரயில் முழுக்க கில்ட்தான். முதல் தடவை அந்தக் கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறியபோது நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் வளர்ந்த ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் சம்பள நாள் சாயங்காலம் பொம்பளைப் பிள்ளைகளை லயத்து வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்துவார்களே, அந்தப் பயம் உடம்பில் அப்படியே இருந்தது. வெளியே வந்தபோது ஒருவன் “சொறி, ஹென்” என்று விலகி வழிவிட்டான். ஹென் என்றால் கோழி. என்னைக் கோழி என்கிறானே என்று மேலதிகாரியிடம் புகார் சொல்லப் போனேன். அந்த ஊரில் பெண்களை அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மேலதிகாரி அதைச் சொல்லும்போதே என்னையும் ஹென் என்றுதான் கூப்பிட்டார்.

குடிகாரன் குடிகாரன்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. எந்த உடுப்புக்காரன் எடுத்தாலும் வாந்தி ஒரே நாற்றம்தான், கூட்டிக் கழுவுகிற ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒரு விஷயம் பார்த்தேன். ஒரு தடவை இளவட்டம் ஒருவன் வெறியில் என் கையிலிருந்த டிக்கெட் இயந்திரத்தைப் பறித்தான். எதிர் இருக்கையிலிருந்த கிழவர், அவரும் கில்ட்தான், அவரும் நல்ல போதைதான், எழுந்து அவன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டினார். “கில்ட் கட்டியிருக்கிறாய், ஒழுங்காக இரு” என்றார். என்னோடு வேலை செய்கிற மூத்தவர் ஒருவர் பிறகு விளக்கினார். ஒரு காலத்தில் இவர்களுக்கும் நாறின பெயர்தானாம். ஊரூராகக் கெட்ட பெயர் வாங்கி அலுத்துப்போய், இந்த உடுப்பைக் கட்டிக்கொண்டு கைநீட்டக் கூடாது என்று அவர்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்களாம். எல்லாரும் அதை மதிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். கண்டிக்கு வந்தவர்கள் மதிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். பத்து வயதில் பஸ்ஸில் என்னோடு தமிழில் பேசாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட என் மகள், இப்போது கண்டியில்தான் தாலி வேண்டும், மாமாதான் கைபிடித்து வர வேண்டும் என்று நிற்கிறாள். பிள்ளைகள் எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

“டிராமா வேணாம் அம்மா. கேலம் வேட்டி கட்டிப்பான். முடிஞ்சுது” என்றாள்.

கேலமும் தலையாட்டினான். “எனக்கு ஒன்றுமில்லை அத்தை, அவர் சந்தோஷப்பட்டால் போதும்” என்று இங்கிலீஷில் சொன்னான். ‘அத்தை’ மட்டும் தமிழ். அவன் கட்டப் போவது அவன் அப்பா கல்யாணத்துக்குக் கட்டிய கில்ட். அப்பா இப்போது இல்லை. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து அவன் அம்மா என் மேசையில்தான் வைத்து நீவிக் காட்டியிருந்தார்.

“வேட்டி வேணாம். நீ இதத்தான் கட்டுற” என்றேன்.

என் வீட்டுக்காரர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து, “ஏன் வீண் வம்பு?” என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

3

வம்பு ஏனென்று சொல்கிறேன்.

அண்ணனை டவுன் பாடசாலையில் சேர்க்கப் போன காலை அது. ஹந்தானையிலிருந்து நடந்தே இறங்கினோம். நான் சின்னவள், அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன். அப்பா இடுப்பில் வெளுத்த வெள்ளைச் சாரம், மேலே கோட். தோட்டத்தில் அந்த உடுப்புக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பாடசாலைக் கேட்டில் வாச்சர் கையை நீட்டி மறித்தான். சாரம் கட்டினவர்கள் உள்ளே வர ஏலாதாம். சாரக்காரர்கள் குடித்துவிட்டு வந்து கேட்டில் கத்துகிறார்களாம், அதனால் அப்படி உத்தரவாம்.

அப்பா சம்பள நாளில் குடிப்பார். ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் வாயில் திருநீற்று வாசம்தான் அடித்தது. நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்றோம், லோங்ஸ் போட்ட அப்பாமார் எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் முந்தின இரவு கிளப்பில் குடித்தார்களோ, அதை வாச்சர் எப்படிக் கண்டுபிடிப்பான்?

எதிரே ஒரு புடவைக் கடை, ஆண்களுக்கான துணியும் விற்பது. மடவளை முஸ்லிம் நானா ஒருவர் நடத்தினார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் கூப்பிட்டார். “இங்க வாங்க தம்பி. இதப் போட்டுக்கிட்டுப் போங்க. புள்ளட காரியம் முடிஞ்சதும் கழட்டித் தாங்க, போதும்” என்று கடையிலிருந்த லோங்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது அப்பாவுக்கு மிகப் பெரிது. அதிபருக்கு முன்னால் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடிதான் அவர் நின்றார். அண்ணனுக்கு இடம் கிடைத்தது. திரும்பும்போது அண்ணன் எங்களோடு சேர்ந்து நடக்கவில்லை, முன்னால் தனியாகப் போனார்.

அன்றைக்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டிச் சாரம் கட்டியதில்லை. தன் கல்யாணத்திலேயே லோங்ஸுக்கு மேல்தான் வேட்டியைச் சுற்றினார். ஐயர் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டார்.

அந்தப் பையனின் நெஞ்சில் என்ன விழுந்ததென்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக இன்னொருவனின் அப்பா உடுப்பை என் வாசலில் வைத்துக் கழற்றச் சொல்ல மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

4

கல்யாணப் பதிவைக் கிளாஸ்கோவிலேயே முடித்துவிட்டோம். வெளிநாட்டுக்காரனுக்குக் கண்டியில் பதிவதென்றால் ஏறி இறங்க வேண்டிய அரசாங்கக் கந்தோர்களை ஒருவர் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கக்காரர் பெட்டியைத் திறந்து கில்ட்டை விரித்துப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டார். அவருக்கும் அந்த வீடியோ வந்திருந்தது. “இந்த முறை விழ வேண்டாம்” என்று கேலமிடம் சொல்லிவிட்டுத்தான் பெட்டியை மூடினார்.

மெட்ச் விஷயம் கண்டியில் தங்கிய வீட்டுக்கார அம்மா சொல்லித்தான் தெரிந்தது. “அன்னைக்கா கல்யாணம்? அன்னைக்கு மெட்ச் ஆச்சே!” என்று வாயில் கைவைத்தார். ஹோல், சமையல், மேளம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. “இருந்தா இருக்கட்டும். அவங்க மெட்ச அவங்க பாக்கட்டும், நம்ம மெட்ச நாம பாப்போம்” என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது, கை பஞ்சாங்கத்தைத் திரும்பவும் புரட்டியது.

ஐயர்தான் ஒரு தொல்லையும் தரவில்லை. கில்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கம்பளிக்கு என்னம்மா தோஷம்? முன்னால தொங்குற தோல் பை மட்டும் வேணாம். சப்பாத்து வாசலோட. மேல்சட்டைய உள்ள வந்ததும் கழட்டிடட்டும்” என்றார். நான் டவுனில் இரண்டு கறுப்பு ஷோர்ட்ஸ் வாங்கி வந்து கேலமிடம் கொடுத்தேன். அவன் தயங்கினான். வழக்கம் என்று ஏதோ தொடங்கினான். “ஒன் வழக்கம் கிளாஸ்கோல இருக்கட்டும் ராசா. இங்க நான் சொல்றதப் போடு” என்றேன். முகம் சிவந்துபோய் வாங்கிக்கொண்டான்.

பிறகு வெற்றிலைத் தட்டோடு வத்தேகமைக்குப் போனேன். தாய்மாமனுக்குத்தான் முதல் அழைப்பு. அண்ணன் கதிரையைக் காட்டினார், உட்கார்ந்தேன். தட்டை நீட்டினேன். அவர் கை நீளவில்லை.

“அந்த உடுப்போட ஒருத்தன் பக்கத்துல என்னால நிக்க ஏலாது” என்றார். “ஊர் சிரிக்கும்.”

“சரிண்ணே. கில்ட்டுதான் காரணம்னா சொல்லுங்க. வேட்டி கட்டுறேன்னு அவனே சொல்லிட்டான், நான்தான் தடுத்தேன். இப்பவே போன் போடுறேன். வேட்டி கட்டினா வருவீங்களா?”

அண்ணன் முகத்தைத் திருப்பிக் கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் உள்ளேயிருந்து வந்தது, அண்ணியிடமிருந்து. “வீட்டுல முறப் பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். ஒரு வார்த்த கேட்டீங்களா மதினி? எடுத்த எடுப்புல வெள்ளக்காரன் வீட்டுல குடுத்திட்டீங்க.”

ஆக விஷயம் அதுதான். அண்ணனுக்கும் ஒரே பிள்ளை, தினேஷ். கட்டாரில் வேலை. தரணிக்கு அவன்தான் முறை மாப்பிள்ளை. சின்ன வயதில் நாங்களே விளையாட்டாகப் பேசியிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டும் அதை ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை, தினேஷ் தரணிக்குப் போனில் வாழ்த்தும் சொல்லிவிட்டான். அண்ணன் மட்டும் அந்தப் பேச்சை உள்ளே வைத்துப் பூட்டியிருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

“அப்ப அத சொல்லுங்கண்ணே. மனசு நொந்துபோச்சுன்னு சொல்லுங்க, காலுல விழுறேன். அத விட்டுட்டு ஏன் அவன் உடுப்பு மேல பழியப் போடுறீங்க? அப்பாவ கேட்டுல நிறுத்தினவன் இதைத்தானே சொன்னான்? எவனோ குடிச்சான்னு எங்கப்பன் சாரத்தத் தள்ளி வச்சான். இன்னைக்கு நீங்க அதே கேட்டுல கைய நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க.”

“அப்பாவ இழுக்காத!” அண்ணன் எழுந்துவிட்டார்.

“இழுப்பேன். எனக்கும் அப்பாதான்.” நானும் எழுந்தேன். “தரணியக் கட்டுறவன் முறைக்கு ஒங்களுக்கு மகன். தினேஷ் கட்டினாலும் மகன், எவன் கட்டினாலும் மகன். நீங்க கோவிச்சுக்கிட்டா முற மாறிடாது.”

“எனக்கு ஒரு மகன்தான்” என்றார் அண்ணன்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வேன் மடவளையைத் தாண்டும் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அதற்குப் பிறகு முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஓட்டிய பையன் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரியம்மா மகன் இருக்கிறான், அவனும் மாமன் முறைதானே, அவனை நிறுத்திவிடு என்றார்கள். முடியாது என்றேன். என் கூடப் பிறந்தவர் உயிரோடு இருக்கும்போது அவர் இடத்தில் யாரையும் நிறுத்த மாட்டேன். அவர் வராவிட்டால் என் மகள் வாசலிலிருந்து மணவறைக்குத் தனியாக நடக்கட்டும், ஊர் பார்க்கட்டும். தரணி ராத்திரி படுக்கும்போது, “மாமா வருவாரா அம்மா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

5

மாப்பிள்ளை தங்கியிருந்த வீட்டுக்கும் கோயிலுக்கும் கூப்பிடு தூரம். மேளம் முன்னால், கேலம் நடுவில், நாங்கள் பின்னால். மாப்பிள்ளை அழைப்பு அவ்வளவுதான். தோல் பையைக் கழற்றிவிட்டான். வெள்ளைச் சட்டை, தோளில் சால்வை, கழுத்தில் ரோசாப்பூ மாலை, கீழே பச்சையும் நீலமுமான கட்டம் போட்ட கில்ட். கொள்ளை அழகாக இருந்தான். கண் பட்டுவிடும் என்று நினைத்தேன், பட்டுவிட்டது.

வளைவு திரும்பியதும் கொடி கட்டிய பஸ் ஒன்று வீதியை அடைத்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இறங்கி ஆடிக்கொண்டிருந்தவர்களில் சிங்களவன், தமிழன், முஸ்லிம் என்று பிரிக்க முடியாத ஒற்றுமை. ஒரே நிற டீசேர்ட், ஒரே வாடை. எல்லாரும் லோங்ஸ் போட்டிருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாதஸ்வரம் பாபரே சத்தத்தில் கரைந்துபோனது.

கேலமைப் பார்த்ததும் ஒரு கூச்சல். வீடியோ பார்க்காதவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனும் இல்லை. “விழு! விழு!” என்று கைதட்டினார்கள். ஒருவன் பியர் டின்னோடு முன்னால் வந்து ஆடினான். இன்னொருவன் பின்னால் போய், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கில்ட்டின் ஓரத்தைத் தூக்கினான். கறுப்பு ஷோர்ட்ஸைக் கண்டதும் கூட்டமே ஏமாந்து “ஆ…” என்றது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவன் துணியைக் கொத்தாகப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

கேலம் அசையவில்லை. இரண்டு கையாலும் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்து வரை இரத்தம் ஏறியிருந்தது. அவன் திரும்பி ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் அந்தப் பையன் வீதியோரச் சாக்கடைக் கானுக்குள் கிடந்திருப்பான். நாளைக்கு இரண்டாவது வீடியோ வரும், கில்ட் கட்டிய குடிகாரன் கண்டியில் அடிதடி என்று. அது அவனுக்கும் தெரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் “பிளீஸ், பிளீஸ்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டுச்சேலையோடு நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கம் பூட்டிய கடையொன்றின் முன்னால் அண்ணனைக் கண்டேன். கையில் ஹெல்மெட். அழுத்தித் தேய்த்த லோங்ஸ், வெள்ளைச் சட்டை. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ தெரியாது. எங்கள் பக்கம் வருவதா வேண்டாமா என்று நின்றிருக்கிறார். ஹெல்மெட்டைக் கடைப்படியில் போட்டுவிட்டு, வாகனங்களுக்கு நடுவில் கையைக் காட்டிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார். வந்த வேகத்தில் அந்தப் பையனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“அத்த கன்ன!” என்றார் சிங்களத்தில். கையை எடு. கடையில் லொறிக்காரர்களை அதட்டுகிற குரல், பாபரேயையும் மிஞ்சிக் கேட்டது. “மகே புத்தா!”

என் மகன் என்றார்.

வாத்தியம் தட்டுத்தடுமாறி நின்றது. “சொறி அங்கிள், சொறி” என்றான் பையன். அண்ணன் விடவில்லை. “கல்யாண ஊர்வலம் கண்ணுக்குத் தெரியல? குடிச்சா கண்ணும் அவிஞ்சு போயிருமா? எங்க படிச்ச நீ?” என்று தமிழிலும் ஒரு பாட்டம் கொடுத்தார். யாரோ பஸ்காரனைக் கூப்பிட்டார்கள், பஸ் பின்னால் நகர்ந்தது. டீசேர்ட்டுகள் தாங்களாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கைகோத்து வழி செய்தார்கள். அந்தப் பையனும் அதில் நின்றான்.

அண்ணன் கேலமின் பின்பக்கம் போனார். கசங்கித் தூக்கிக்கொண்டு நின்ற மடிப்பைப் பார்த்தார். நடுவீதியில், அத்தனை பேருக்கு முன்னால், குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாக நீவிக் கீழே இழுத்துச் சரி செய்தார். எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

“இது எப்பிடி நிக்கிது? நாடாவா?” என்று என்னைக் கேட்டார்.

“பக்கிள்ணே. பக்கத்துல ரெண்டு பக்கிள்.”

“ம். நல்ல கனமான துணிதான்.”

கேலம் என் காதில், அவர் என்ன சொல்லிக் கத்தினார் என்று கேட்டான். சொன்னேன். அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் அவன் முழங்கையைப் பிடித்து, “நட, நேரமாகுது” என்று கூட்டிப் போனார். நான் செருப்பைக் கையில் பிடித்தபடியே கோயில் வரை போயிருக்கிறேன். வாசலில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

ஐயர் “பொண்ணோட மாமா” என்று கூப்பிட்டபோது அண்ணன் முன்னால் போனார். தரணியின் கையைப் பிடித்தார். அவள் “லேட் மாமா” என்றாள். “ரோட்டுல சனம்மா” என்றார் அவர். இரண்டு பேரும் மணவறைக்கு நடந்தார்கள்.

தாலி ஏறியது. அட்சதை போட்டு முடித்து எல்லாரும் படம் எடுக்க நெருக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் தூணோரமாக என் பக்கத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது, துடைக்கவில்லை.

“தினேஷுக்கு ஒரு பொண்ணு பாரு மல்லி” என்றார்.

“நானாண்ணே?”

“நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்.”